ரிட்டர்ன் தேதி முடிஞ்சாலும் ரீஃபண்ட் வாங்கலாம்: பழுதான பொருளுக்குப் பணத்தைத் திரும்பப் பெற 5 படிகள்



ஆன்லைன்ல வாங்கின பொருள் வேலை செய்யல. ஆப்பைத் திறந்து பார்த்தா "ரிட்டர்ன் விண்டோ க்ளோஸ்டு"ன்னு சாம்பல் கலர்ல ஒரு வரி. பட்டனை அமுக்கினாலும் வேலை செய்யாது. அதைப் பார்த்ததும் நம்மில் நிறைய பேர் "சரி, நம்ம தலையெழுத்து"ன்னு போனை மூடி வெச்சிடறோம்.

இந்தக் கட்டுரையில நான் சொல்லப் போறது ஒரே விஷயம்தான். அந்த வரி கம்பெனியோட ரூல். உங்க உரிமை அந்தத் தேதியோட முடிஞ்சு போறதில்ல. ஆனா அந்த உரிமையை வாங்கணும்னா கோபம் உதவாது, பேப்பர்தான் உதவும். எந்தப் பேப்பர், எந்த வரிசையில, யாருக்கு அனுப்பணும்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு நிஜ சம்பவம்.

27,000 ரூபாய் மெஷின், மூலையில

எங்க ஆபீஸ்ல வேலை பார்க்குற ஒரு தம்பி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். விருதுநகர்ல இருக்குற அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு பெரிய ஆன்லைன் தளத்துல ஆஃபர் வந்தப்போ, 27,000 ரூபாய்க்கு ஒண்ணு ஆர்டர் போட்டார். கிரெடிட் கார்டுல 6 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 4,500.

மெஷின் சொன்ன தேதியில வந்துடுச்சு. ஆனா இன்ஸ்டலேஷனுக்கு டெக்னீஷியன் வந்தது 9-வது நாள். அன்னைக்குதான் முதல் தடவை ஓட விட்டாங்க. ஸ்பின்னுக்குப் போனதும் எரர் காட்டி நின்னுடுச்சு, அடியில தண்ணி ஒழுகுது. "போர்டு மாத்தணும், பார்ட் வரணும்"னு சொல்லிட்டுப் போனார். 16-வது நாள் வந்து மாத்தினார். 20-வது நாள் மறுபடி அதே எரர், அதே தண்ணி.

ஆப்ல ரிட்டர்ன் டைம் 7 நாள். அது எண்ணப்பட்டது டெலிவரி ஆன நாள்ல இருந்து. அதாவது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்குறதுக்கு முன்னாடியே ரிட்டர்ன் டைம் முடிஞ்சு போச்சு! கஸ்டமர் கேர் சாட்ல மூணு தடவை பேசினார். மூணு தடவையும் "24 முதல் 48 மணி நேரத்துல தொடர்பு கொள்வோம்". கடைசியா, "ரிட்டர்ன் காலம் முடிஞ்சதால பிராண்ட் சர்வீஸ் சென்டரைப் பாருங்க"ன்னு முடிச்சிட்டாங்க.

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "விடுய்யா, நான் கையாலயே துவைச்சுக்கிறேன். நீ டென்ஷன் ஆகாத." மெஷின் பிளாஸ்டிக் கவரோட மூலையில கிடக்கு, அம்மா கல்லுல துவைக்கிறாங்க, இங்க மாசாமாசம் 4,500 போய்க்கிட்டு இருக்கு. இதைச் சொல்லும்போது தம்பி முகத்தைப் பார்க்க முடியல. பணம் போனதை விட அம்மாவுக்கு வாங்கின முதல் பொருள் இப்படி ஆயிடுச்சேங்கிறதுதான் அவருக்குப் பெரிய வலி.

என்கிட்ட வந்தது 24-வது நாள். அவர் அக்கவுண்டுக்கு ரீஃபண்ட் வந்தது 52-வது நாள். வக்கீல் இல்ல, கோர்ட் இல்ல, புகார் கொடுக்க ஒரு ரூபாய் செலவும் இல்ல. நடுவுல என்ன பண்ணினோம்ங்கிறதுதான் மீதிக் கட்டுரை.

சட்டம் உங்களுக்கு என்ன கொடுக்குது?

ரெண்டு பேரை ஞாபகம் வெச்சுக்குங்க. ஒண்ணு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இன்னொண்ணு, அதுக்குக் கீழ வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், 2020.

அந்த விதிகள்ல 6-வது விதி, மார்க்கெட்பிளேஸ்ல விற்கிற செல்லருக்கானது. பொருள் பழுதா இருந்தா, போலியா இருந்தா, விளம்பரத்துல சொன்ன அம்சம் இல்லாம இருந்தா, செல்லர் அதைத் திரும்ப எடுத்துக்க மறுக்கக் கூடாது, வாங்கின பணத்தைத் திருப்பித் தர மறுக்கவும் கூடாது. சொன்ன தேதியைத் தாண்டி லேட்டா வந்தாலும் இதே ரூல்தான். இயற்கைச் சீற்றம் மாதிரியான காரணங்களுக்கு மட்டும் விலக்கு. தளமே சொந்தமா ஸ்டாக் வெச்சு வித்தா, 7-வது விதி இதே கடமையை அந்தத் தளத்து மேல வைக்குது.

4-வது விதி இன்னும் முக்கியம். ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமிச்சு, அவரோட பேரையும் தொடர்பு விவரத்தையும் தளத்துலயே போடணும். உங்க புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துக்குள்ள அவர் பதில் சொல்லணும். ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். நம்ம ஆளுங்க யாருமே இவருக்கு எழுதுறது இல்ல! சாட்ல வர்ற ரோபோகிட்ட சண்டை போட்டுட்டு வந்துடறோம்.

இங்க ஒரு எச்சரிக்கை. மூணு விஷயத்தைக் குழப்பிக்காதீங்க.

1. மனசு மாறிடுச்சு, கலர் பிடிக்கலங்கிற கேஸ். இதுக்கு ரீஃபண்ட் தரணும்னு நம்ம நாட்டுல சட்டம் கட்டாயப்படுத்தல. தளத்தோட பாலிசி என்ன சொல்லுதோ அதுதான்.

2. முதல்ல இருந்தே பழுது, அல்லது ரிப்பேர் பண்ணியும் அதே பழுது திரும்பத் திரும்ப வருது. ரீஃபண்டுக்கு ரொம்ப பலமான கேஸ் இது. "இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு பேஜ்ல போட்டிருந்தாலும், பழுதான பொருளுக்கு அது சாக்கு ஆகாது.

3. ஒரு வருஷம் நல்லா ஓடிட்டு, அப்புறம் பழுது. இது வாரண்டி கேஸ். முதல்ல ரிப்பேர், முடியலன்னா மாத்தித் தரச் சொல்றது. நேரா ரீஃபண்ட் கேட்டா நிக்கிறது கஷ்டம்.

உங்க கேஸ் எந்த வகைன்னு முதல்ல நேர்மையா முடிவு பண்ணுங்க. 2-வது வகைன்னா தைரியமா மேல படிங்க.

படி 1: ஆதாரம் சேருங்க

நான் தம்பிகிட்ட கேட்ட முதல் கேள்வி, "இன்வாய்ஸ் இருக்கா?" ஆப்ல இருக்குன்னு சொன்னார். டவுன்லோட் பண்ணி வைக்கச் சொன்னேன். ஆப்ல இருக்குறது அவங்க கையில இருக்குற மாதிரி. உங்க கையில இருக்கணும்.

ஒரு ஃபோல்டர் போட்டு இதையெல்லாம் சேருங்க:

- டேக்ஸ் இன்வாய்ஸ். அதுலதான் செல்லரோட சட்டப்படியான பேரும் முகவரியும் இருக்கும். தளம் வேற, செல்லர் வேறங்கிறது அப்போதான் தெரியும்.
- பணம் கட்டினதுக்கான கார்டு ஸ்டேட்மென்ட் அல்லது யூபிஐ ரெஃபரன்ஸ் நம்பர்.
- பொருள் பேஜோட ஸ்க்ரீன்ஷாட். என்ன அம்சம் சொல்லி வித்தாங்க, ரிட்டர்ன் பத்தி என்ன போட்டிருந்தாங்கன்னு தெரியணும். நாளைக்கே அந்தப் பேஜை மாத்திடலாம்.
- பழுதைக் காட்டுற வீடியோ. சீரியல் நம்பர் ஸ்டிக்கர்ல ஆரம்பிச்சு, கட் பண்ணாம, பழுது வரைக்கும் ஒரே ஷாட்டா எடுங்க.
- சாட் முழுசும் ஸ்க்ரீன்ஷாட். போன்ல பேசினா தேதி, நேரம், டிக்கெட் நம்பர் குறிச்சு வைங்க.
- டெக்னீஷியன் கொடுத்த ஜாப் ஷீட்.

இந்தக் கடைசிப் பேப்பர்தான் ராஜா. எலெக்ட்ரானிக் பொருளுக்கு, பழுது இருக்குன்னு நீங்க சொல்றதை விட பிராண்டோட சொந்த டெக்னீஷியன் எழுதிக் கொடுக்குறதுக்கு மதிப்பு அதிகம். வர்றவர் பார்த்துட்டு வாயால "மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்தான் சார்"னு சொல்வார். எழுதிக் கேட்டா நழுவுவார். விடாதீங்க. "நீங்க என்ன பார்த்தீங்களோ அதை மட்டும் எழுதுங்க"ன்னு தன்மையா கேளுங்க. தம்பியோட கேஸ்ல ரெண்டு ஜாப் ஷீட் இருந்தது. ரெண்டுலயும் ஒரே எரர் கோடு. பாதி கேஸ் அங்கேயே ஜெயிச்சாச்சு.

அன்பாக்சிங் வீடியோ கட்டாயம்னு சட்டத்துல இல்ல. ஆனா பொருள் உடைஞ்சு வந்துச்சு, பெட்டிக்குள்ள வேற பொருள் இருந்துச்சுங்கிற மாதிரி கேஸ்ல அது இல்லன்னா நிரூபிக்கத் திண்டாடுவீங்க. 5,000 ரூபாய்க்கு மேல எது வந்தாலும் வீடியோ எடுத்துட்டுப் பிரிங்க. இது என் சொந்த ரூல். ஓப்பன் பாக்ஸ் டெலிவரின்னா, பார்த்து முடிச்ச அப்புறம்தான் ஓடிபி சொல்லணும். டெலிவரி தம்பி அவசரப்படுத்துவார். அவருக்கு அவர் கஷ்டம், நமக்கு நம்ம பணம்.

படி 2: குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில்

தளத்தோட அடிப்பகுதியில, இல்லன்னா விதிமுறைகள் பேஜ்ல, "க்ரீவன்ஸ் ஆபீசர்"னு தேடுங்க. மெயில் ஐடி இருக்கும். செல்லருக்கும் பிராண்டுக்கும் சிசி போடுங்க.

மெயில் எப்படி இருக்கணும்? ஒரு பக்கத்துக்குள்ள. திட்டு கூடாது. சோகக் கதை வேண்டாம். தேதி, உண்மை, கோரிக்கை, கெடு. அவ்வளவுதான். கீழ இருக்குற மாதிரியை எடுத்துக்குங்க. இங்கிலீஷ்ல அனுப்பினா பதில் சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம், அதனால அப்படியே மாத்தி எழுதிக்கலாம்.

"பொருள்: ஆர்டர் எண் ____ – பழுதான வாஷிங் மெஷின் – முழுத் தொகையைத் திரும்பத் தரக் கோரிக்கை.

மேற்கண்ட ஆர்டரில் ____ தேதி வாங்கிய மெஷின் ____ தேதி டெலிவரி ஆனது. உங்கள் தரப்பு இன்ஸ்டலேஷன் ____ தேதிதான் நடந்தது. முதல் ஓட்டத்திலேயே பழுது தெரிந்தது. ____ தேதி பாகம் மாற்றப்பட்டது. ____ தேதி அதே பழுது மீண்டும் வந்தது. இரண்டு ஜாப் ஷீட்டுகளும் வீடியோவும் இணைக்கப்பட்டுள்ளன.

ரிட்டர்ன் காலம் முடிந்தது என்று உங்கள் கஸ்டமர் கேர் மறுத்துள்ளது (டிக்கெட் எண் ____). நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், 2020-இன்படி பழுதான பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்க இயலாது.

எனவே (அ) முழு விலையையும் பணம் கட்டிய அதே வழியில் திருப்பித் தரவும், (ஆ) இஎம்ஐ காரணமாக எனக்கு ஏற்பட்ட வட்டி, ஜிஎஸ்டி, கட்டணச் செலவை ஈடு செய்யவும், (இ) உங்கள் செலவில் மெஷினை எடுத்துச் செல்லவும் கோருகிறேன். 7 நாட்களுக்குள் தீர்வு இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் அளிப்பேன்."

தம்பிக்கு ரெண்டாவது நாள் ஒரு டிக்கெட் நம்பரோட பதில் வந்தது. அப்புறம் ஒரு வாரம் அமைதி. பரவாயில்ல. அந்த டிக்கெட் நம்பர்தான் அடுத்த படிக்கு டிக்கெட்.

படி 3: 1915

தேசிய நுகர்வோர் உதவி மையத்தோட எண் 1915. காலை 8 மணியில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும், தேசிய விடுமுறை தவிர எல்லா நாளும். தமிழ்லயே பேசலாம். போன் லைன் கிடைக்கலன்னா அவங்க இணையதளத்துலயோ, உமங் ஆப்லயோ, 8800001915-ங்கிற வாட்ஸ்அப் எண்லயோ பதியலாம். கட்டணம் எதுவும் இல்ல.

இது கோர்ட் இல்லன்னு தெளிவா புரிஞ்சுக்குங்க. அவங்களால கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது. உங்க புகாரை கம்பெனியோட மேல்மட்ட டீமுக்கு அனுப்பி, பதில் வாங்கித் தருவாங்க. பெரிய தளங்கள், பிராண்டுகள் பலதும் இந்த அமைப்போட நேரடியா இணைஞ்சிருக்கு. அதனால சாட்ல மூணு வாரம் அசையாத விஷயம் இங்க அசையும். நம்ம புகாரைப் பார்க்குற ஆளே வேற ஆள்ங்கிறதுதான் காரணம்.

பதியும்போது படி 2-ல எழுதின மெயிலையே சுருக்கிப் போடுங்க. குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதின தேதி, டிக்கெட் நம்பர் ரெண்டையும் கட்டாயம் சேருங்க. கம்பெனி "பிரச்சனை தீர்ந்தது"ன்னு பொய்யா க்ளோஸ் பண்ணினா, தீரலன்னு திரும்ப எழுதலாம்.

தம்பி 33-வது நாள் பதிஞ்சார். 4 நாள் கழிச்சு கம்பெனியில இருந்து போன். முதல்ல என்ன சொன்னாங்க? "5,000 ரூபாய் வாலட்ல போடறோம், மெஷினை ரிப்பேர் பண்ணிக்குங்க." தம்பி கிட்டத்தட்ட ஒத்துக்க இருந்தார். "யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சிடு"ன்னேன். வாலட் பணம் மறுபடி அங்கேயே செலவு பண்ணத்தான் உதவும், மெஷின் பழுது அப்படியேதான் இருக்கும். முழு ரீஃபண்ட் மட்டும்தான்னு மெயில்ல பதில் போட்டார். 45-வது நாள் மெஷினை எடுத்துட்டுப் போனாங்க. 52-வது நாள் பணம்.

படி 4: கார்டுல வாங்கினா, பேங்க்

கிரெடிட் அல்லது டெபிட் கார்டுல பணம் கட்டியிருந்தா இன்னொரு வழி இருக்கு. அதுக்குப் பேரு சார்ஜ்பேக். "பொருள் பழுது, கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்"னு பேங்க்ல டிஸ்ப்யூட் போடலாம். ஆதாரத்தை வெச்சு பேங்க் கார்டு நெட்வொர்க் மூலமா கடைக்காரரோட பேங்க்கைக் கேட்கும்.

இதுக்குக் கெடு உண்டு. கார்டு நெட்வொர்க்குகள் பொதுவா 120 நாள் வரைக்கும் கொடுக்கும். உங்க பேங்க் அதைவிடக் குறைவாவே வெச்சிருக்கலாம். அதனால படி 3 இழுக்குதுன்னு தெரிஞ்சதுமே பேங்க்கைக் கேளுங்க. தற்காலிகமா பணம் போட்டாங்கன்னா அதைச் செலவு பண்ணிடாதீங்க, டிஸ்ப்யூட்ல தோத்தா திரும்ப எடுத்துப்பாங்க. கம்பெனியும் ரீஃபண்ட் போட்டு பேங்க்கும் போட்டா, ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆகணும். அப்போ நீங்களே பேங்க்குக்குச் சொல்லிடுங்க.

புகாரை பேங்க் கண்டுக்கலயா? 30 நாள் பார்த்துட்டு, ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போகலாம். யூபிஐல கட்டியிருந்தா, பழுதான பொருளுக்கு இந்த வழி அவ்வளவு பலமில்ல. பெரிய பொருளை ஆன்லைன்ல வாங்கும்போது கார்டுல வாங்குங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா பில்லை முழுசா கட்டுற பழக்கம் இருக்குறவங்களுக்கு மட்டும்!

படி 5: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

மேல சொன்னது எதுவும் நடக்கலன்னா இது. பேரைக் கேட்டே பயப்படாதீங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இதை எளிமையா வெச்சிருக்காங்க.

- நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம்.
- 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குப் புகார் கட்டணம் 0. ஆமா, பூஜ்யம்.
- நீங்க இருக்குற ஊர்லயே, இல்லன்னா வேலை பார்க்குற ஊர்லயே புகார் போடலாம். கம்பெனி பெங்களூர்ல இருந்தா அவங்கதான் உங்க ஊருக்கு வரணும்.
- வக்கீல் கட்டாயமில்ல. நீங்களே வாதாடலாம்.
- பிரச்சனை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். ஆப் சொன்ன 7 நாள் எங்க, சட்டம் சொல்ற 2 வருஷம் எங்க!
- 2025 ஜனவரி 1-ல இருந்து இ-ஜாக்ரிதிங்கிற தளம் வந்திருக்கு. வீட்ல இருந்தே பதியலாம். வீடியோ கான்ஃபரன்ஸ்ல ஆஜராக அனுமதி கேட்கவும் சட்டத்துல இடமிருக்கு.

புகார்ல செல்லர், தளம், பிராண்ட் மூணு பேரையும் எதிர்த்தரப்பாப் போடுங்க. ஒருத்தரை மட்டும் போட்டா "நாங்க இல்ல, அவங்க"ன்னு கை காட்டுவாங்க. புகாருக்கு முன்னாடி 15 நாள் கெடு கொடுத்து ஒரு நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பறது நல்லது. ஆணையம் பழுதைச் சரி பண்ணவோ, பொருளை மாத்தித் தரவோ, வட்டியோட பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு கொடுக்கவோ உத்தரவு போடலாம்.

சட்டப்படி 3 மாசத்துல, பொருளை லேப்ல டெஸ்ட் பண்ணணும்னா 5 மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும். நடைமுறையில அதைவிட இழுக்கும்னு மனசைத் தயார் பண்ணிக்குங்க. 600 ரூபாய் ஹெட்போனுக்கு இது வரைக்கும் போறதா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. 27,000-க்கு நான் போவேன்.

ஒரு சின்னக் குறிப்பு. வீட்டுக்கு வாங்குற பொருளுக்கு, பில்லுல ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்காதீங்க. சைடு பிசினஸ் வெச்சிருக்குறவங்க ஆஃபருக்காக இப்படிப் பண்றாங்க. வியாபார நோக்கத்துக்காக வாங்கினவர் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். எதிர்த்தரப்பு முதல்ல பிடிக்கிற பாயிண்ட் அதுவாத்தான் இருக்கும்.

ரீஃபண்ட் வந்துடுச்சு, கணக்கு முடிஞ்சுதா?

இல்ல! ஒரு சிஏவா நான் கவலைப்படற இடமே இதுதான்.

நோ-காஸ்ட் இஎம்ஐல வட்டி இல்லாம இல்ல. வட்டி அளவுக்குத் தள்ளுபடி முன்னாடியே கொடுத்திருப்பாங்க, அவ்வளவுதான். தம்பியோட கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு 15% வட்டி, 6 மாசம். 27,000-ல 1,143 ரூபாய் தள்ளுபடி போக, கார்டுல உண்மையா சார்ஜ் ஆனது 25,857. அதனால ரீஃபண்ட் வந்ததும் 25,857 தான். அதுக்குள்ள 2 இஎம்ஐ கட்டியாச்சு.

- ரெண்டு மாச வட்டி: 594 ரூபாய்
- அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி: 107 ரூபாய்
- ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கு ஜிஎஸ்டியோட: 235 ரூபாய்

மொத்தம் 936 ரூபாய் கையை விட்டுப் போச்சு. மெயில்ல (ஆ)ன்னு ஒரு கோரிக்கை வெச்சோமே, அது இதுக்காகத்தான். கம்பெனி அதை மட்டும் ஏத்துக்கல. 936 ரூபாய்க்காக ஆணையம் போக வேண்டாம்னு தம்பி முடிவு பண்ணினார். நானும் சரின்னேன். எவ்வளவு தூரம் போறதுங்கிறதும் ஒரு கணக்குதான்.

இதுல மூணு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, ரீஃபண்ட் வந்தா இஎம்ஐ தானா நிக்கும்னு நம்பாதீங்க. பல கார்டுகள்ல நீங்க கூப்பிட்டு கேன்சல் பண்ணச் சொல்லணும். இல்லன்னா ஒரு பக்கம் பணம் கிரெடிட்ல கிடக்கும், இன்னொரு பக்கம் வட்டி ஓடும். ஃபோர்க்ளோஷர் சார்ஜ் உண்டான்னும் கேளுங்க. ரீஃபண்டால மூடறோம்னு சொல்லி தம்பி அதைத் தள்ளுபடி பண்ண வெச்சார்.

ரெண்டு, ரீஃபண்ட் வரப் போகுதுன்னு பில் கட்டாம இருக்காதீங்க. டியூ டேட்டுக்குள்ள வந்த ரீஃபண்டை, கட்ட வேண்டிய தொகையில உடனே கழிக்கணும்னு ரிசர்வ் வங்கியோட கார்டு வழிகாட்டுதல் சொல்லுது. ஆனா வரலன்னா? லேட் ஃபீஸ், வட்டி, சிபில் ஸ்கோர் அடி எல்லாம் உங்களுக்குத்தான்.

மூணு, பில்லைக் கட்டின அப்புறம் பெரிய ரீஃபண்ட் வந்தா, அதை கார்டுலயே வெச்சுக்கவான்னு பேங்க் உங்க சம்மதம் கேட்கணும். 5,000 ரூபாய் அல்லது கார்டு லிமிட்ல 1%, இதுல எது குறைவோ அதைத் தாண்டினா இந்த ரூல். நீங்க பதில் சொல்லலன்னா பணத்தை உங்க பேங்க் அக்கவுண்டுக்கு அனுப்பணும். எஸ்எம்எஸ், மெயிலைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

நிறைய பேர் கேட்கிற இன்னொரு கேள்வி: சொந்த உபயோகப் பொருளோட விலை திரும்ப வந்தா அது வருமானமா? இல்ல. உங்க பணம் உங்ககிட்ட திரும்பி வருது. ஐடிஆர்ல காட்ட வேண்டாம்.

இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடாதீங்க. ரீஃபண்டுக்காக அலையறவங்களைக் குறி வெச்சே போலி நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. ஆப்புக்குள்ள இருக்குற நம்பர் மட்டும்தான். பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்ல. க்யூஆர் ஸ்கேன் பண்ணு, ஸ்க்ரீன் ஷேர் ஆப் போடுன்னு யாராவது சொன்னா உடனே கட் பண்ணுங்க. ஏமாந்துட்டா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

பிக்கப் ரசீது இல்லாம பொருளைக் கொடுக்காதீங்க. கொடுக்குறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரோட போட்டோ எடுங்க. போன், லேப்டாப்னா உங்க டேட்டாவை அழிச்சுட்டுக் கொடுங்க.

கோபத்துல பொருளை வெளிக் கடையில பிரிச்சுப் பார்க்காதீங்க. அதோட வாரண்டியும் போகும், "நீங்கதான் கெடுத்தீங்க"ன்னு அவங்களுக்கு ஒரு சாக்கும் கிடைக்கும்.

இன்ஸ்டாகிராம்ல பில்லே இல்லாம யூபிஐ அனுப்பி வாங்கின பொருளுக்கு மேல சொன்ன படிகள் எல்லாம் பாதி பலம்தான். செல்லர் யாருன்னே தெரியாதப்போ யார் மேல புகார் போடுவீங்க? பில் தராத இடத்துல பெரிய பொருள் வாங்காதீங்க.

இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க

பெரிய பொருள் வாங்கினா இன்ஸ்டலேஷனை டெலிவரி அன்னைக்கே நடக்குற மாதிரி புக் பண்ணுங்க. அது தள்ளிப் போச்சுன்னா, ரிட்டர்ன் டைம் முடியறதுக்கு முன்னாடியே "இன்னும் இன்ஸ்டலேஷன் நடக்கல, ரிட்டர்ன் காலத்தை நீட்டிக்கவும்"னு ஒரு மெயில் தட்டி விடுங்க. தம்பி இந்த ஒரு மெயிலை அனுப்பியிருந்தா 52 நாள் அலைச்சல் பாதியாக் குறைஞ்சிருக்கும்.

கடைசியா, அந்த அம்மா கதையை முடிச்சிடறேன். வந்த பணத்துல விருதுநகர்லயே பஜார்ல ஒரு கடையில மெஷின் வாங்கிட்டாங்க. மறுநாளே ஆள் வந்து மாட்டி, அம்மா முன்னாடியே ஒரு தடவை ஓட விட்டுக் காட்டிட்டுப் போயிருக்கார். சாயங்காலம் தம்பிக்குப் போன். "மெஷின் நல்லா ஓடுதுய்யா. பில்லை பீரோவுல வெச்சிருக்கேன். போட்டோ எடுத்து அனுப்பவா?"

அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு. உங்க வீட்லயும் யாராவது ஒரு பழுதான பொருளை மூலையில வெச்சுட்டு "விடு"ன்னு சொல்லியிருப்பாங்க. வாங்கி ரெண்டு வருஷம் ஆகலன்னா, இன்னைக்கு சாயங்காலம் அந்த இன்வாய்ஸைத் தேடி எடுங்க.